ருஷ்யச் சோம்பேறிகளும் ஒரு கையெழுத்தும்

பழைய ருஷ்ய நாவல்களில் வரும் சோம்பேறிகளைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட ஒரு மணி நேரம் பேசுவேன். என்னை எழுப்புவதுதான் கஷ்டம்.

அவர்களுக்கென்று சில லட்சணங்கள் உண்டு. எங்கோ தொலைவில் பரம்பரை நிலம் இருக்கும். அதைப் போய்ப் பார்த்து வருடக்கணக்காகியிருக்கும். மேஜையில் பதில் போடாத கடிதம் ஒன்று கிடக்கும். இன்றைக்கு எப்படியும் பதில் எழுதிவிடுவது என்று காலையில் தீர்மானிப்பார்கள். தீர்மானித்துவிட்ட திருப்தியிலேயே மத்தியானம் ஆகிவிடும். கெட்டவர்கள் இல்லை. படித்தவர்கள், இளகிய மனசுக்காரர்கள். படுத்தபடியே ஏரிக்கரையில் வீடு கட்டுவார்கள், ஏழைகளுக்குப் பள்ளிக்கூடம் திறப்பார்கள், மனசுக்குப் பிடித்த பெண்ணோடு தோட்டத்தில் உலாவுவார்கள். அந்தப் பெண் நிஜமாகவே வந்து கையைப் பிடித்துத் தூக்கினால் மட்டும் இடுப்பு எழாது. இதையெல்லாம் முதன்முதலில் படித்தபோது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை. விழுப்புரத்தில் வாடகை வீட்டில் கயிற்றுக் கட்டிலில் கிடக்கிற என்னைப் பற்றி நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே இத்தனை பெரிய எழுத்தாளர்கள் யோசித்திருக்கிறார்களே என்று இருந்தது.

அந்தப் புத்தகங்கள் என் கைக்கு வந்தது அலுவலக வேலையாக. திண்டிவனத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் நான் இளநிலை உதவியாளர். ஒரு கோடை விடுமுறையில் நூலகத்தில் கரையான் பிடித்த புத்தகங்களுக்குக் கழிவுப் பட்டியல் தயார் செய்யச் சொன்னார்கள். பட்டியல் போட்டால் புத்தகம் எடைக்குப் போய்விடும். அதில் பாதிக்கு மேல் ருஷ்ய மொழிபெயர்ப்புகள். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், எடுத்தால் கை வலிக்கும் கனம். தலைமையாசிரியரிடம் கேட்டேன். "கரையானுக்கு போறது உனக்கு போவட்டும், எடுத்துக்கினு போ" என்றார். இரண்டு சாக்கு நிறையக் கட்டிக்கொண்டு ரயிலேறினேன்.

அன்றிலிருந்து போகவர ரயிலில் அதுதான் வேலை. விழுப்புரத்தில் ஏறிப் புத்தகத்தைப் பிரித்தால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் எதுவும் கண்ணில் படாது. திண்டிவனமும் படாமல் ஒலக்கூர் வரை போய் இறங்கி, எதிர்த்தண்டவாளத்தில் வண்டிக்குக் காத்திருந்த நாட்கள் உண்டு. வருகைப் பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில் "ரயில் தாமதம்" என்று எழுதுவேன். பதிவேட்டைப் பராமரிப்பவனே நான்தான் என்பதால் கேள்வி கேட்க ஆளில்லை.

என் மனைவி அந்த நாவல்களில் ஒன்றை ஒரே ஒரு முறை படித்தாள். நான் கொடுத்த தொல்லை தாங்காமல்தான். நூற்றுச் சொச்சம் பக்கம் வந்ததும் மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அதெல்லாம் சரிங்க. இந்த ஆளு துணிய யாரு தொவைக்கிறது?"

"வேலைக்காரன் இருக்கான்ல?"

"அவனுக்கு யாரு கூலி குடுக்கிறது? இவன்தான் படுத்துக்கினே கெடக்குறானே."

"நெலம் இருக்குது. பண்ணையில ஆளுங்க வேலை செய்றாங்க."

"அப்ப அந்த ஆளுங்கள பத்தி எந்தப் பக்கத்துல வருது, சொல்லுங்க. அங்க இருந்து படிக்கிறேன்."

நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். இரண்டு வரிக்கு மேல் கிடைக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே உலை வைக்கப் போய்விட்டாள்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. வானூர் பக்கத்துக் கிராமம். அப்பா கட்டட வேலை, அம்மா அடுத்தவர் கொல்லையில் களையெடுப்பு, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குவது. அந்தக் குடும்பத்தில் முதல் அரசாங்க உத்தியோகம் இவளுடையது, அறிவியல் ஆசிரியை. என் அப்பாவுக்குத் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பும் நெல்லும் விளையும் நிலம் இருக்கிறது. அந்த வரப்பில் நான் கால் வைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நாங்கள் இரண்டு வீட்டையும் மீறிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். மீறினோம் என்று பன்மையில் சொல்வது என் வழக்கம். மனு எழுதியது, சாட்சிகளைப் பிடித்தது, பதிவாளர் அலுவலகத்தில் நாள் வாங்கியது எல்லாம் அவள். கல்யாணத்தன்று காலையில் என் அறைக்கு வந்து கதவைத் தட்டி என்னை எழுப்பியதும் அவள்தான்.

அவளுக்கு வேலை கிடைத்தது கூடலூர் மலையில். எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயது. நான் திண்டிவனத்தை விட முடியாது. அவள் வேலையை விட முடியாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் மலையேறினாள். லீவு விட்டால் இறங்கி வருவார்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் நான் பேருந்து நிலையத்துக்குப் போய் நிற்பேன். அதில் மட்டும் ஒருநாளும் தவறியதில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசை. இரண்டு முறை தவறியிருக்கிறேன்.

மூன்றாவது வருடம் மகளுக்கு வீசிங் வந்தது. தென்மேற்கு மழை தொடங்கினால் அந்த ஊரில் சுவரெல்லாம் நீர் கோத்துவிடுமாம். போனில் பேசும்போதே பிள்ளையின் மார்பில் விசில் அடிப்பது எனக்குக் கேட்கும். "அப்பா, நான் புகை மிஷின் வச்சிக்கினு இருக்கேன்" என்பாள், நெபுலைசர் முகமூடிக்குள் இருந்து. மனைவி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் விடைத்தாள் திருத்துவாள். அங்கே இருந்த டாக்டர் ஒரே வார்த்தைதான் சொன்னாராம்: கீழே இறங்கிவிட்டால் சரியாகிவிடும்.

இறங்குவதற்கு ஒரே வழி மாறுதல் கலந்தாய்வு. மாவட்டம் விட்டு மாவட்டம் மாறுவது லேசில்லை. ஆயிரம் பேர் வரிசையில் நிற்பார்கள். அந்த வருடம் திண்டிவனத்துக்கு எட்டு கிலோமீட்டரில் ஒரு பள்ளியில் அறிவியல் இடம் காலியாகியிருந்தது. ஒரே ஓர் இடம். கணவனும் அந்தப் பக்கம் வேலை செய்தால் முன்னுரிமை உண்டு. அதற்குக் கணவன் வேலை செய்கிற இடத்திலிருந்து ஒரு சான்று வேண்டும். ஸ்பவுஸ் சர்டிபிகேட் என்போம். இன்னார் இங்கே இன்ன பதவியில் பணிபுரிகிறார் என்று நான்கு வரி, தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரை. அவ்வளவுதான்.

எங்கள் பள்ளியில் அந்தச் சான்றைத் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு வைக்கிற ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். பதினோரு வருடமாக எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். பத்து நிமிட வேலை.

விண்ணப்பிக்க ஒன்பது நாள் கொடுத்திருந்தார்கள். முதல் நாளே அவள் போன் செய்தாள். "ஜல்தியா வாங்கி அனுப்பிடுங்க. கடைசி நாள்ல சர்வர் பேஜாரு பண்ணும்." சரி என்றேன். அன்று தலைமையாசிரியர் தணிக்கைக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், முகம் சரியில்லை. நாளைக்கு வைக்கலாம் என்று விட்டேன். மறுநாள் சான்றைத் தட்டச்சு செய்து கணினியில் சேமித்தேன். அச்செடுக்கவில்லை. அச்செடுக்கும் முன் ஒரு யோசனை வந்துவிட்டது. அவள் மாறுதல் ஆகி வந்துவிட்டால் விழுப்புரத்தில் எதற்கு இருக்க வேண்டும்? திண்டிவனத்திலேயே வீடு பார்க்கலாமே.

வீணான தாள் ஒன்றின் முதுகில் வீட்டை வரைந்தேன். மயிலம் சாலைப் பக்கம், தெற்குப் பார்த்த வாசல், காற்று நன்றாக வரும் அறை மகளுக்கு. சமையலறையை முதலில் தப்பான மூலையில் வைத்துவிட்டதால் இன்னொரு தாள் எடுத்தேன். மூன்றாம் நாள் ஓர் அலமாரிக்கு இடம் கண்டுபிடித்தேன். அன்று சாயங்காலம் மகளிடம் போனில் சொன்னேன், அவள் ஊஞ்சல் கேட்டாள். ஊஞ்சலுக்காக முழு வரைபடத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று. எனக்கு அந்த நாட்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தன. மனைவி ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கிளம்புவதையும், மகள் வாசலில் விசில் இல்லாத மூச்சோடு ஓடுவதையும் கண்ணால் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

நான்காம் நாள் எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் மனைவிக்காக இதே சான்று கேட்டு வந்தார். உடனே அடித்து, அச்செடுத்து, கொண்டுபோய் வைத்தேன். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். "உங்க வீட்டம்மாவுக்கும் வேணும் இல்ல? மேலயே கெடந்து கஷ்டப்படுதே."

"டைப் பண்ணி வச்சிருக்கேன் சார்."

"கொண்டா, இப்பவே போட்டுக் குடுத்துர்றேன்."

"நாளைக்கு வைக்கிறேன் சார். ஒரு வரி திருத்தணும்."

திருத்துவதற்கு ஒரு வரியும் இல்லை. இன்றுவரை யோசிக்கிறேன், ஏன் அப்படிச் சொன்னேன் என்று. எழுந்து பக்கத்து அறைக்குப் போய் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பத்தடி எனக்குப் பெரிய தூரமாகத் தெரிந்தது.

ஆறாம் நாள் மனைவி கேட்டாள், "கையெழுத்து ஆயிடுச்சுங்களா?"

"ஆயிடுச்சு."

வாயில் வந்துவிட்டது. அந்த நேரத்தில் அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. மனதில் அந்தச் சான்று கையெழுத்தாகி, அவள் மாறுதலாகி வந்து, வீடு கட்டி, ஊஞ்சலும் மாட்டியாகிவிட்டது. அந்த ருஷ்யக் கனவுக்காரர்களின் வியாதியே இதுதான். மனதில் முடித்ததை நிஜத்தில் முடிந்ததாக நம்பிவிடுவார்கள். படித்துப் படித்து அந்த வியாதியின் ஒவ்வொரு கூறும் எனக்கு அத்துப்படி. விரிவுரை ஆற்றச் சொன்னால் ஆற்றியிருப்பேன். ஸ்கேனர் ரிப்பேர், நாளைக்கு அனுப்புகிறேன் என்று அடுத்த இரண்டு நாளையும் ஓட்டினேன். அவள் நம்பினாள். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன், சாமான் கட்ட அட்டைப்பெட்டி கேட்டிருக்கிறேன் என்றாள்.

கடைசி நாள் பௌர்ணமி. பௌர்ணமி தவறாமல் தலைமையாசிரியர் மத்தியானம் அனுமதி போட்டுவிட்டுத் திருவக்கரை வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் போவார். மாதாமாதம் அந்த அனுமதியைப் பதிவேட்டில் ஏற்றுகிறவன் நான். பன்னிரண்டு மணி வரை அவர் நாற்காலியில்தான் இருந்தார். நான் மேஜை இழுப்பறைக்குள் ஒரு நாவலை வைத்துக் குனிந்து படித்துக்கொண்டிருந்தேன். நாற்பது பக்கம் பாக்கி. அதை முடித்துவிட்டால் மனம் லேசாகிவிடும், சுத்தமாக எழுந்து போய்க் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று கணக்கு. வெளியே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. இன்னும் ஆறு பக்கம் இருந்தது. அந்த ஆறு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். இதை எழுதும்போது என் கையை எனக்கே ஒடிக்க வேண்டும் போல இருக்கிறது.

அவர் போனை அணைத்து வைத்திருந்தார். சான்றை அச்செடுத்து, முத்திரை குத்தி, கோப்பில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். ஓடினேன் என்பது உண்மை, வியர்த்து ஊற்றியது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவர் கையெழுத்துப் போட்ட தாளைப் போனில் படமெடுத்து அனுப்பினால் போதும். திருவக்கரைக்குப் பேருந்து நின்றுகொண்டிருந்தது. மணி இரண்டு ஆகவில்லை. பௌர்ணமிக் கூட்டம் படிக்கட்டு வரை தொங்கியது. "உள்ள போ, உள்ள போ, எடம் கீது" என்று நடத்துனர் கத்தினார். ஒரு காலை வைத்தேன். யாரோ முழங்கையால் இடித்தார்கள். ஒரு மணி நேரம் இப்படி நின்றுகொண்டு போக வேண்டுமே என்று நினைத்தேன். அடுத்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்.

காலை எடுத்துவிட்டேன். பேருந்து போயிற்று.

அடுத்தது மூன்றரைக்கு வந்தது. ஜன்னலோர இடமே கிடைத்தது. வழியெல்லாம் தலைமையாசிரியரை எங்கே பிடிப்பது, எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். இறங்கும்போது நாலே முக்கால். கோயில் வாசலில் தலை தலையாகத் தெரிந்தது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே வருகிறவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். போன் அடித்தது. மனைவி.

"எங்க எச்.எம். ரூம்ல கம்ப்யூட்டர தெறந்து வச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்கேங்க. அனுப்பிட்டீங்களா?"

"இதோ, ரெண்டே நிமிஷம்."

"அங்க இன்னா மேளச் சத்தம்? எங்க இருக்கீங்க?"

மேளத்தை விட்டு நாலடி தள்ளிப் போனேன்.

"கையெழுத்து ஆயிடுச்சுன்னு சொன்னீங்களே?"

பின்னால் மகள் இருமுவது கேட்டது. பள்ளி முடிந்து அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறாள் போல. மனைவி போனை வைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்து நான் கூட்டத்துக்குள் புகுந்து, தலைமையாசிரியரின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பெண்கள் திட்டினார்கள். ஐந்து மணியாயிற்று. ஐந்து ஆகி இரண்டு நிமிடம் கழித்து அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தமும், "மூடிடுச்சு சார், போலாம்" என்று அவள் யாரிடமோ சொல்வதும் கேட்டது. அப்புறம்தான் போன் நின்றது.

ஐந்தரைக்கு நெற்றி நிறையக் குங்குமத்தோடு தலைமையாசிரியர் வெளியே வந்தார். கோப்போடு என்னைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. கோபப்படவில்லை. "இன்னாப்பா இது? ஒம்பது நாளா உனக்கு எதிர்லதான உக்காந்துக்கினு இருந்தேன்?" என்றார். பேனாவை எடுத்து, என் முதுகில் தாளை வைத்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கடைசி நிமிடத்தில் சான்று இல்லாமலே விண்ணப்பத்தை அனுப்பியிருந்தாள். முன்னுரிமை இல்லாமல் கலந்தாய்வில் அவள் முறை வந்தபோது அந்த இடம் எப்போதோ போயிருந்தது. அந்தச் செய்தியை எனக்கு ஒரே வார்த்தையில் சொன்னாள்: "போயிடுச்சு."

காலாண்டு விடுமுறைக்கு வந்தார்கள். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் அழுதிருப்பேன், காலைப் பிடித்திருப்பேன், அடுத்த வருடம் பார் என்று சபதம் செய்திருப்பேன். அவள் வீட்டைப் பெருக்கினாள், என் சட்டைகளைத் துவைத்தாள், மகளுக்கு நேரத்துக்கு மருந்து கொடுத்தாள். கிளம்பும் நாள் காலையில் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"இனிமே நான் அப்ளை பண்ணப் போறது இல்லீங்க. அங்கியே நனையாத வீடா ஒண்ணு பாத்துட்டேன். பாப்பாவ அங்கியே ஒண்ணாவது சேத்துட்டேன்."

"அடுத்த வருஷம் நானே நேர்ல..."

"வேணாங்க." குரலில் காரமே இல்லை. "எங்கம்மா வெடியறதுக்குள்ள எழுந்து அடுத்தவங்க கொல்லைக்கு போவும். யாருக்காக போறோம்னு அதுக்கு கேக்கத் தெரியாது. எனக்குத் தெரியுது. அதான்."

அந்த நாவல்களில் சோம்பேறியை எழுப்ப முடியாமல் விட்டுப் போகும் பெண்ணுக்காக நான் ஒருமுறைகூட வருத்தப்பட்டதில்லை. படுத்துக் கிடக்கிறவனுக்காகத்தான் கண் கலங்கியிருக்கிறேன். அவர்களுக்குப் பண்ணையடிமைகள் இருந்தார்கள். எனக்கு அவள் இருந்தாள். இது அன்று காலையில்தான், அவள் மடித்து வைத்த என் சட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. உறைத்து என்ன செய்ய? அப்போதும் நான் எழுந்து அவள் கையிலிருந்து ஒரு துணியை வாங்கி மடிக்கவில்லை.

மத்தியானம் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் கோயம்புத்தூர் வண்டியில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக மகள் கேட்டாள், "அப்பா, நீ எப்ப வருவ?"

"அடுத்த மாசம்."

அவள் நம்பித் தலையாட்டினாள். மனைவி என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டி கிளம்பும்போது பிள்ளை இருமத் தொடங்கியிருந்தது. பைக்குள் அவள் மருந்தைத் தேடுவது தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். கட்டிலில் படுத்துக்கொண்டு அழுகை வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு. இனிமேல் எனக்கு யாரும் போன் செய்து ஆயிடுச்சா என்று கேட்கப்போவதில்லை. எந்தக் கடைசித் தேதியும் எனக்குக் கிடையாது. இனி என்னிடம் யாரும் எதையும் எதிர்பார்க்க மாட்டார்கள். அதை நினைத்ததும் கைகால் தளர்ந்து, உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது. இத்தனை வருடத்தில் அவ்வளவு சுகமாக நான் படுத்ததில்லை. என் மகள் மலைக்குத் திரும்புகிற வழியில் பேருந்தில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தில் எனக்கு மூச்சு சீராக வந்தது, நன்றாகத் தூங்கினேன்.